உடைந்த பொம்மைக்கு யார் பணம் கொடுப்பது? கொலுக் கடை அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நவராத்திரிக் கடை போடும்போது, "உடைத்தால் முழு விலை" என்ற அட்டையை மட்டும் தயவுசெய்து மாட்டாதீர்கள். அட்டை தொங்குவதாலேயே வாங்க வந்தவர் கடன்காரர் ஆகிவிட மாட்டார். அவர் கவனக்குறைவால்தான் உடைந்தது என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும்.

பொம்மை விழுந்தால் முதலில் யாருக்காவது கையிலோ காலிலோ கீறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உடைந்த இடத்தைப் பாருங்கள். அப்போதுதான் உடைந்தது என்றால் உடைந்த பரப்பு முழுக்கச் சுத்தமான மண் நிறம் தெரியும். ஓரத்தில் தூசியோ, பசையின் பளபளப்போ, உள்ளே இறங்கிய பெயின்டோ இருந்தால் அது பழைய விரிசல். விளாச்சேரியிலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ லாரியில் குலுங்கி வரும்போது கழுத்திலும் மணிக்கட்டிலும் மயிரிழை விரிசல் விழும். அதற்கு வாடிக்கையாளரைப் பிடிப்பது அநியாயம். சரக்கைப் பிரிக்கும்போதே சுட்ட மண் பொம்மைகளை நகத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் மந்தமாகக் கேட்டால் அதைத் தனியே எடுத்துவைத்துவிடுங்கள்.

படியில் விரித்த துணி முன்னால் தொங்கி, அதைக் குழந்தை இழுத்தால் பொறுப்பு கடையுடையதுதான். துணியை உள்ளே மடித்துக் குண்டூசி குத்துங்கள். பை மாட்டிய இருவர் ஒதுங்கிப் போக முடியாத வழியில் தோள் பட்டு விழுந்தாலும் அப்படியே. சொல்லியும் கேட்காமல் கிரீடத்தைப் பிடித்துத் தூக்கியவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

அப்போதும் அடக்க விலையைத்தான் கேட்க வேண்டும். 400 ரூபாய் என்று சொல்லி 300க்குப் பேரம் படியும் பொம்மை உங்களுக்கு 220க்கு வந்திருந்தால், 220 கேளுங்கள். தசாவதார செட்டில் ஒன்று போனால், அந்த ஒன்றை மட்டும் வரவழைக்க முடியுமா என்று செய்தவரிடம் விசாரியுங்கள். முடிந்தால் அதன் விலையும் வண்டிக்கூலியும் போதும். பத்துக்கும் பணம் வாங்கினால் மீதி ஒன்பதையும் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.

விற்பனைக்கு நிற்கும் பெண்ணின் சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பே, அவர் பொறுப்பில் ஒப்படைத்த பொருள் அவர் அலட்சியத்தால் கெட்டால்தான் பிடிக்கலாம், அதுவும் அவர் விளக்கத்தைக் கேட்ட பிறகே என்கிறது. வாடிக்கையாளர் கை தவறியதற்கு அவர் என்ன செய்வார்?

அட்டை வேண்டுமென்றால் நுழையும் இடத்தில், கண் மட்டத்தில் இப்படி எழுதி வையுங்கள்: "கேளுங்கள், எடுத்துத் தருகிறோம். நீங்களே எடுத்தால் பீடத்தின் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்."