மோனோவா, ஸ்டீரியோவா, டைனமோவா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் நால்வர் பாட்டுக் குழுவான பீட்டில்ஸ் 1967 இல் வெளியிட்ட ‘சார்ஜன்ட் பெப்பர்’ இசைத்தட்டின் டீலக்ஸ் மறுவெளியீட்டை வைத்து இரசிகர்கள் போடும் சண்டையைப் பற்றிக் கடந்த ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எங்கள் பத்திரிகையில் இப்படியும் ஒரு விசயமா என்று இரண்டு தடவை வாசித்தேன். எழுதியவருக்கு நன்றி. ஆனால் ஓர் இடத்தில் பிழை விட்டிருக்கிறார். அதைச் சொல்லத்தான் பேனையை எடுத்தேன், கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லாமல் வெட்டுவதென்றால் முன்பகுதியை வெட்டுங்கள், கடைசிப் பகுதியைத் தொடாதீர்கள்.

மோனோ, அதாவது எல்லா ஒலியும் ஒன்றாக ஒரே ஸ்பீக்கரில் வரும் வடிவம், ஏதோ பழஞ்சாமான் சேர்ப்பவர்களின் ஆசைக்காக மறுவெளியீட்டுப் பெட்டியில் போடப்பட்டது என்கிறார் கட்டுரையாளர். விசயம் நேர்மாறு. 1967 இல் பிரித்தானியாவில் பெரும்பாலானவர்கள் பாட்டுக் கேட்டது ஒற்றை ஸ்பீக்கரில்தான். ஆகவே தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் பீட்டில்ஸ்காரர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மினக்கெட்டது மோனோவுக்கு. இடம் வலமாக இரண்டு ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கலக்கும் ஸ்டீரியோவைப் பிறகு சில நாட்களில், அந்த நாலு பேரும் இல்லாமலே முடித்துவிட்டார்கள். ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ என்ற பாட்டு மோனோவில் சற்று வேகமாக, சுருதி கூடி வரும். ஸ்டீரியோவில் மெதுவாக, சுருதி இறங்கி வரும். ஜோர்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் 2017 இல் புதிதாக ஸ்டீரியோ கலந்தபோது தகப்பனின் மோனோவைத்தான் வழிகாட்டியாக வைத்தார். அந்தப் பாட்டும் மோனோவின் வேகத்துக்கே திரும்பியது.

சண்டை இங்கேதான் தொடங்குகிறது. ட்ரம்ஸ் ஒரு காதில், குரல் மற்றக் காதில் என்று ஐம்பது வருடம் பழைய ஸ்டீரியோவைக் கேட்டு வளர்ந்தவர்கள், “இது நாங்கள் கேட்ட தட்டே இல்லை” என்கிறார்கள். ட்ரம்ஸும் பேஸ் கிற்றாரும் இப்போதுதான் நடுவில் வந்து உட்கார்ந்து நெஞ்சில் இடிக்கின்றன என்று மற்றவர்கள் கொண்டாடுகிறார்கள். சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டார்கள் என்று ஒரு கூட்டம். 1967 ஜனவரியில் பதிவுசெய்து இன்றுவரை வெளியே வராத ‘கார்னிவல் ஒஃப் லைற்’ ஏன் இதிலும் இல்லை என்று இன்னொரு கூட்டம். எனக்கு அந்தப் பதிவின் மேல் பெரிய ஆசை இல்லை. பதினாலு நிமிடம் இரைச்சலாம். சத்தம் பற்றிய முறைப்பாட்டில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

எந்த வேகம் சரியான வேகம் என்று அடிபடுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வன்னியில் நான் அந்தத் தட்டைக் கேட்ட வேகம் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் என் மாமாவிடம் அந்தத் தட்டு இருந்தது. அதைத் தொண்ணூறு நிமிடக் கசெற் ஒன்றில் எனக்குப் பதிந்து தந்தார். 1995 ஒக்டோபர் கடைசியில் சண்டையால் எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது, கிளாலியால் வள்ளத்தில் வன்னிக்கு வந்த என்னிடம் இருந்தவை ஒரு சைக்கிள், இரண்டு உரப்பை நிறைய உடுப்பு, அந்தக் கசெற், ஒரு சின்ன கசெற் றெக்கோடர். பற்றரி இல்லை. பெற்றோல், சீமெந்து போல அதுவும் வன்னிக்குக் கொண்டுவர அரசு தடைசெய்த பட்டியலில் இருந்த பொருள். களவாக வந்த பற்றரியின் விலைக்கு ஒரு கிழமை அரிசி வாங்கலாம். செத்த பற்றரியை வெயிலில் காயப்போட்டும், ஆணியால் துளைத்து உப்புத்தண்ணீர் விட்டும் பார்த்தோம். அரைப் பாட்டுக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

பிறகு எல்லாரையும் போல நானும் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். சைக்கிள் லைற்றுக்கு மின்சாரம் தருகிற டைனமோவை ரயரில் முட்ட வைத்து, நாலு டயோட்டும் ஒரு கண்டென்சரும் போட்டு வயரை றெக்கோடருக்கு இழுத்து, பெடலைக் கையால் சுற்றினால் பாட்டு வரும். றெக்கோடருக்கு வேண்டியதும் ஆறு வோல்ற்று, டைனமோ தருவதும் ஆறு வோல்ற்று. கடவுள் பொருத்தம் பார்த்துச் செய்தது போல. சுற்றுகிற கை தளர்ந்தால் பாட்டும் தளர்ந்து சுருதி இறங்கும், பாடுகிறவருக்குக் காய்ச்சல் பிடித்த மாதிரி இருக்கும். சின்னத் தம்பியை விட்டுச் சுற்றினால் ஒரு வேகம், மச்சானைப் பிடித்துவிட்டால் இன்னொரு வேகம். ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ ஒரே இரவில் மோனோவாகவும் ஸ்டீரியோவாகவும் இரண்டுமில்லாததாகவும் ஓடியிருக்கிறது. எனக்கு நல்லாகப் பிடித்தது மச்சான் சுற்றியது. அவருக்குப் பாட்டில் ஒரு விருப்பமும் இல்லை, அதனால் கை ஒரே சீராகச் சுற்றும்.

பீட்டில்ஸ்காரர்களே வேகத்தோடு விளையாடியவர்கள்தான். ‘ஸ்ட்ரோபெரி ஃபீல்ட்ஸ்’ பாட்டுக்கு வேகமும் சுருதியும் வேறுபட்ட இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்றின் முன்பாதியும் மற்றதன் பின்பாதியும் வேண்டுமென்று அந்த நாலு பேரில் ஒருவரான ஜோன் லெனன் கேட்டாராம். ஒன்றின் ஓட்டத்தைக் கூட்டி மற்றதைக் குறைத்து, ஏறக்குறைய ஒரு நிமிடம் கடந்த இடத்தில் ஒட்டினார்கள். அந்தப் பாட்டு சார்ஜன்ட் பெப்பர் தட்டில் இல்லை, 1967 பெப்ரவரியில் தனியாக வந்தது. ஆனால் அதே காலத்துப் பதிவு என்பதால், ஒட்டுவதற்கு முந்திய இரண்டையும் டீலக்ஸ் பெட்டியில் தனித்தனியே போட்டிருக்கிறார்கள். ஒரு றேடியோ திருத்துகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

போன வருடம் கனடாவிலிருந்து வந்த மருமகன் தன் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தான். நாலு சீடி, ஒரு டீவீடி, ஒரு புளூரே, 144 பக்கத்தில் தடித்த புத்தகம். எங்கள் வீட்டில் புளூரே போட ஒன்றும் இல்லை, அது உறையிலேயே இருந்துவிட்டுத் திரும்பிப் போனது. மோனோ அந்த வெளியீட்டில் நாலாவது சீடியில், அதாவது இந்தப் பெரிய பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு சீடிப் பதிப்பு வாங்கினவனுக்கு அது கிடையாது. 1967 இல் அந்த நாலு பேரும் கூட இருந்து செய்த வடிவத்தை ஆகக்கூடிய விலைக்குள் பூட்டி வைப்பது என்ன நியாயம்? இரசிகர்கள் கோபப்படுவதென்றால் இதற்குக் கோபப்படலாம்.

ஆனால் இரண்டாவது, மூன்றாவது சீடிகளைக் கேட்டபோது என் கோபம் பாதி போய்விட்டது. அவற்றில் இருப்பவை ஸ்டூடியோவில் பாடிப் பார்த்து, பிழைத்து, பேசி, திரும்பத் தொடங்கிய பதிவுகள். ‘விதின் யூ விதவுட் யூ’ பாட்டுக்கு, பீட்டில்ஸில் இன்னொருவரான ஜோர்ஜ் ஹரிசன் இலண்டனிலிருந்த இந்திய வாத்தியக்காரர்களுக்கு மெட்டைச் சொல்லிக்கொடுக்கிறார். இப்படி வேண்டும், இந்த இடத்தில் நிறுத்து என்கிற மாதிரி. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பழக்கும்போது, சொல்லிக்கொடுக்கிற அண்ணாவியார் நிற்கிற நிலை எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. ஆடி முடித்த கூத்தை எல்லாரும் பார்ப்பார்கள். பழக்கம் நடக்கிற இரவை ஊரில் நாலு பேர்தான் பார்த்திருப்பார்கள்.

இந்தப் பதிவுகளைப் போட முடிந்ததன் காரணத்தைக் கட்டுரையாளர் தொடவில்லை. அவர்களிடம் இருந்தது நாலு தடமுள்ள நாடா. நாலும் நிரம்பினால், அவற்றைக் கலந்து வேறொரு நாடாவில் ஒன்றிரண்டு தடமாகச் சுருக்கி, மிச்சத் தடங்களில் அடுத்த வாத்தியத்தை ஏற்றுவார்கள். ஒவ்வொரு பிரதிக்கும் ஒலி மங்கும். கசெற்றிலிருந்து கசெற்றுக்கு அடித்துக் கேட்ட எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாலாவது பிரதி கிணற்றுக்குள் இருந்து பாடும். ஆனால் அங்கே சுருக்கியபின் முதல் நாடாவை ஒருவரும் எறியவில்லை. ஐம்பது வருடம் கழித்து மகன் ஜைல்ஸ் போய் அந்த முதல் நாடாக்களிலிருந்தே கலந்தார். புது ட்ரம்ஸ் புதிதாக அடித்ததல்ல. அந்தக் காலத்தில் பீட்டில்ஸின் ட்ரம்ஸ்காரர் ரிங்கோ அடித்தது, அடியில் கிடந்தது.

எங்களுடைய நாடாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? 2009 ஜனவரியில் சண்டை நெருங்கி வெளிக்கிட முன்னர், கோவில் திருவிழாவும் கூத்தும் கலியாண வீடுகளும் பதிந்திருந்த கசெற்றுகளைப் பொலித்தீனில் சுற்றி, தகரப்பெட்டியில் போட்டு வளவில் தாட்டேன். மாமாவின் கசெற்றும் அதற்குள். மீள்குடியேற விட்ட பிறகு தோண்டினேன். பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தது. நாடாக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இழுத்தால் மண்ணிறத் தூள்தான் கையில் வந்தது. அந்த 2009 செப்டம்பரில்தான் பீட்டில்ஸ் தட்டுகளின் மோனோப் பெட்டி உலகமெங்கும் வெளிவந்ததாம். நாங்கள் அப்போது செட்டிக்குளத்து அகதி முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றோம். யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. உலகம் அப்படித்தான் ஒரே நேரத்தில் பல வேகத்தில் ஓடும்.

யாரிடமாவது பழைய கூத்துக் கசெற் கிடந்தால், பூஞ்சணம் பிடித்திருந்தாலும் எறிய வேண்டாம். ஒட்டாத நாடா என்றால் கசெற்றின் வெளிக்கோதை மாற்றி ஓட்டிப் பார்க்கலாம், நான் காசு கேட்கமாட்டேன். கடை மல்லாவிச் சந்தியில்.

கடைசியாக ஒன்று. சார்ஜன்ட் பெப்பர் முழுவதும் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தொண்ணூறு நிமிடக் கசெற்றின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து. மிச்சம் கிடந்த ஐந்து நிமிடத்தை மாமா வீணாக்கவில்லை. ‘அ டே இன் த லைஃப்’ முடிவில் பியானோக்களை ஒன்றாக அடித்து ஒலி மெல்ல மெல்ல மங்கும் அல்லவா? அது அடங்கி, டொக் என்று ஒரு சத்தம் கேட்டு, உடனே சீர்காழி கோவிந்தராஜன் முருகனைக் கூப்பிடுவார். பதினாலு வருடம் அந்தத் தட்டை நான் அப்படித்தான் கேட்டேன். மருமகனின் பெட்டியில் புதுக் கலவை, மோனோ, பிழைத்த பதிவு எல்லாம் இருக்கின்றன. மங்கி முடிந்ததும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சீர்காழி வரவில்லை. மருமகன், “என்ன மாமா, முடிஞ்சுது” என்றான்.

இங்ஙனம்,
ஒரு றேடியோ திருத்துநர்,
மல்லாவி.