நம் தேயிலைத் தொழிற்சாலையின் அங்கத்தினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலையை வைத்துக் குடும்பம் நடத்துகிறவள் எழுதுகிறேன். உங்களைப் போலவே நானும் நம் கூட்டுறவுத் தொழிற்சாலைக்கு இலை போடுகிறேன்.

போன மகாசபைக் கூட்டத்தில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர், வரவு செலவு வாசிப்பதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள். வாசலில் ஒரு அண்ணன் சொல்லிவிட்டுப் போனது என் காதில் விழுந்தது: "கவர்மென்ட் ஃபேக்டரிதானே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்." அன்றிலிருந்து இந்த மடலை மனதுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

என் மாமனார் பங்குச் சான்றை நிலத்துப் பட்டாவோடு சேர்த்து ஒரே துணிப்பையில் வைத்திருந்தார். இரண்டும் அவருக்குச் சொத்து. "நம் ஃபேக்டரி" என்றுதான் கடைசி வரை சொன்னார். என் பிள்ளைகள் "சொசைட்டி ஃபேக்டரி" என்கிறார்கள். இந்த மாற்றம் எந்த வருடம் நடந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

இந்த மலைக்குக் கூட்டுறவு வெளியிலிருந்து வந்து சேர்ந்த திட்டம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அப்படி இல்லை. தேயிலை நம் ஊர்களில் பரவுவதற்கு முன்பே, உருளைக்கிழங்கு மூட்டைகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிய காலத்தில், விளைவித்தவனுக்கு விலை சொல்லும் உரிமை இல்லை. மண்டிக்காரர் போட்டதுதான் எடை, அவர் சொன்னதுதான் விலை. அந்த நிலையை மாற்றத்தான் 1935ல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருவானது. அதை முன்னின்று நடத்தியவர் படுகர் சமூகத் தலைவரான நம் ஆரி கவுடர். பிறகு தேயிலை வந்தது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரர்கள் பறித்த இலைக்குத் தனியார் தொழிற்சாலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லாதபோது, 1962ல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை எழுந்தது. 1965ல் இப்படிப்பட்ட தொழிற்சாலைகளின் கூட்டமைப்பாக இன்கோசர்வ் அமைந்தது. இன்று அதன் கீழ் 16 தொழிற்சாலைகள். அங்கத்தினர்கள் ஏறத்தாழ 30,000 பேர். குடும்பங்களாக எண்ணினால் இந்த மாவட்டத்தில் அது எவ்வளவு பெரிய கூட்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

தனியார் தொழிற்சாலைக்கும் நம்முடையதற்கும் உள்ள வேறுபாட்டை என் மகளுக்கு நான் இப்படிச் சொன்னேன். இலையை எடை போட்டுக் காசு வாங்கியதும் தனியாரிடம் நம் உறவு முடிந்துவிடும். தூள் குன்னூர் ஏலத்தில் என்ன விலைக்குப் போனாலும் மிச்சம் முதலாளிக்கு. நம்முடையதில் மிச்சம் வந்தால் அதைப் பிரித்துக்கொள்ள வேண்டியவர்கள் இலை போட்ட நாம்தான். நட்டம் வந்தாலும் அது நம் தலையில்தான். பத்து ஏக்கர்க்காரருக்கும் அரை ஏக்கர்க்காரிக்கும் ஒரே ஓட்டு. 1844ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 தொழிலாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்த்து மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கக் கடை போட்டபோது வகுத்துக்கொண்ட விதியும் இதுதான்: எவ்வளவு பணம் போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு, லாபம் அவரவர் வாங்கிய அளவுக்கு. அவர்கள் வாங்கியதற்கு ஏற்பப் பிரித்தார்கள். நாம் கொடுத்ததற்கு ஏற்பப் பிரிக்கிறோம்.

இனி எனக்குச் சொல்லக் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன்.

விலை ஏறியிருக்கும் மாதங்களில் தனியார் தொழிற்சாலைக்கு இலை வாங்கும் ஏஜென்டின் ஜீப் ஊருக்குள் வரும். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட. நானும் கொடுத்திருக்கிறேன். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. ஆனால் மழை பெய்து கொழுந்து பொங்கி வருகிற நாட்களில் அதே ஜீப் வருவதில்லை. அப்போது எல்லோரும் சாக்கைத் தூக்கிக்கொண்டு நம் தொழிற்சாலைக்கு ஓடுகிறோம். அங்கே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்தால் கோபப்படுகிறோம். இலை குறைந்த மாதங்களில் இயந்திரம் பாதி வயிற்றோடு ஓடினாலும் ஆட்களின் சம்பளம் குறையாது. அந்தச் செலவு நம் விலையிலிருந்துதான் போகிறது என்பதை நான் வெகு நாள் உணரவில்லை.

இலையின் தரமும் அப்படித்தான். நாலு, நாலரைக் கிலோ பச்சை இலை வாடி, அரைபட்டு, காய்ந்தால்தான் ஒரு கிலோ தூள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தால் நல்ல தூள். முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்தால் நார்தான் கூடும். ஏலத்தில் அந்தத் தூள் கீழே போகும். அடுத்து நமக்குக் கிடைக்கிற விலையும் அதோடு சேர்ந்து இறங்கும். தனியாரிடம் கரடான இலையைத் தள்ளிவிட்டால் முதலாளியை ஏமாற்றிவிட்டோம் என்று யாராவது நினைத்துக்கொள்ளலாம். இங்கே என் சாக்கின் அடியில் நான் ஒளித்து வைப்பது பக்கத்து வீட்டு அக்காவின் பணத்தை.

நிர்வாகத்தின் மேல் குறை இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது. பணப் பட்டுவாடா தாமதமான மாதங்களில் மளிகைக் கடையில் நான் பட்ட அவமானத்தை மறக்க மாட்டேன். தேர்தல் நடக்காத காலங்களில் அரசு நியமிக்கும் தனி அலுவலரே நிர்வாகக் குழுவின் வேலையைப் பார்ப்பதால்தான் நாம் இதை அரசாங்கத்தின் சொத்தாக நினைக்கத் தொடங்கினோம் என்பதும் என் எண்ணம். அதற்காகத்தான் கேட்கிறேன்: தேர்தல் நடத்துங்கள் என்று நம்மில் எத்தனை பேர் எழுதிக் கொடுத்தோம்? தணிக்கை அறிக்கையை எத்தனை பேர் கேட்டு வாங்கிப் படித்தோம்?

இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்தில் குனிந்து பறிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் வீட்டில் பங்கு, கணவர் காலமாகும் வரை அவர் பெயரில் இருந்தது. பிறகுதான் எனக்கு வந்தது. ஓட்டுரிமை பெற நான் கணவனை இழக்க வேண்டியிருந்தது. இலைக்கு எப்போது பூச்சி விழுந்தது, எந்தப் பாத்தி தேறவில்லை என்று தெரிந்தவள் கூட்டத்துக்கு வெளியே நின்றால் கூட்டத்தில் யார் பேசுவது? மகளின் பெயரிலும் மருமகளின் பெயரிலும் நிலத்தில் ஒரு பகுதியை எழுதி வைத்து அங்கத்தினராகச் சேருங்கள்.

அடுத்த மகாசபைக்கு நான் கடைசி வரிசையில் உட்காரப் போவதில்லை. போன வருடத்தின் விறகுச் செலவையும், ஒரு கிலோ தூள் செய்ய ஆன மொத்தச் செலவையும் எழுந்து கேட்கப் போகிறேன். பதில் வரும் வரை உட்கார மாட்டேன். கேள்வியைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கூடவே எழுந்து நிற்க நாலு பேர் வேண்டும். வருகிறவர்கள் உங்கள் இலை ரசீதுகளையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்து அங்கத்தினர் ஒருத்தி