மோப்ப நாய்க்கும் ஓய்வு நேரம் எழுதுங்கள்: தீம் பார்க், ஹோட்டல் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தீம் பார்க்குகளையும் பெரிய ஹோட்டல்களையும் நடத்தும் நிர்வாகத்தினருக்கும், அவற்றின் பாதுகாப்புப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

வாசலில் மோப்ப நாய் ஏன் நிற்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு ஹோட்டல் வாசல்கள் எப்படி மாறின, 2015 டிசம்பரில் அமெரிக்காவின் டிஸ்னி, யுனிவர்சல் பூங்காக்களில் மெட்டல் டிடெக்டர் ஏன் வந்தது என்பதெல்லாம் உங்கள் துறையில் எல்லோரும் அறிந்த கதை. நாயை வைத்தது சரி. அந்த நாயிடம் நீங்கள் வேலை வாங்கும் விதம்தான் சரியில்லை.

சென்ற வாரம் ஒரு தீம் பார்க் வாசலில் பார்த்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். உச்சிவெயில். டிக்கெட் வரிசைக்குக் கூரை இருந்தது, ஸ்கேனர் மெஷினுக்குக் கூரை இருந்தது. லாப்ரடார் நாய்க்கு ஒதுக்கியிருந்த இடம் மட்டும் கூரைக்கு வெளியே, சிமெண்ட் தரையில். அது முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. நாக்கு முழு நீளத்துக்குத் தொங்கி, நுனி கரண்டி போல அகன்றிருந்தது. நாயோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த நாக்கைப் பார்த்தாலே வயிறு கலங்கும். அதைக் கையாளும் இளைஞர் தன் பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தார். இரண்டு மடக்குதான், அதற்குள் அடுத்த வரிசைப் பைகள் வந்துவிட்டன.

நானும் சில காலம் இந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் சும்மா கடந்து போக முடியவில்லை. விசாரித்தேன். “மாத்து நாய் இல்லை சார். ஷிப்ட் முடியிறவரைக்கும் வாசலை விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்றார், குரலைத் தாழ்த்தி. பக்கத்தில் வந்த மேற்பார்வையாளர் குரலைத் தாழ்த்தவில்லை. நாய் கண்ணில் படும்படி நிற்க வேண்டும், வருகிறவர்களுக்கு அதுதான் தைரியம் என்று விளக்கினார்.

நிர்வாகத்தினரே, நாய் மீது பரிதாபப்படச் சொல்லி நான் எழுதவில்லை. பரிதாபம் இருந்தால் நல்லது. ஆனால் இது உங்கள் பாதுகாப்புக் கணக்கில் விழுந்திருக்கும் ஓட்டை.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெங்கும் வியர்த்துச் சூடு தணியாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் அது உடம்பைக் குளிர்விக்க வேண்டும். மோப்பம் பிடிக்க வாயை மூடி, மூக்கு வழியாக விநாடிக்கு ஐந்து முறை அளவில் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய அதனால் ஆகாது. மனிதனுக்கு ஐம்பது, அறுபது லட்சம் மோப்ப ஏற்பிகள் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். அந்த இருபது கோடியையும் வெயிலில் நிறுத்தி மூடிவைக்கத்தான் நீங்கள் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நாய் பைகளைத் தாண்டி நடந்தது உண்மை. அவற்றை அது முகர்ந்ததா என்பதை அதன் வாயைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. வெடிமருந்தைத் தேடும் நாய் குரைக்காது, பிறாண்டாது. அப்படித்தான் பழக்குவார்கள், பழக்கவும் வேண்டும். வாசனை கிடைத்தால் அந்த இடத்தில் உட்காரும், அதுதான் அடையாளம். சரி, தரை கொதிக்கும்போது அது எப்படி உட்காரும்? புறங்கையை அந்த சிமெண்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். முடியவில்லையென்றால், உங்கள் நாய் தன் ஒரே அடையாளத்தைக் காட்டவே தயங்கும் இடத்தில் அதை நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. நாய் அனுப்பும் ஏஜென்சியோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்தில் ஓய்வை எழுதுங்கள். இப்போது அதில் இருப்பது ஒரு நாய், ஒரு ஷிப்ட், இத்தனை மணி நேரம் என்பதுதான். வாட்ச்மேனுக்குப் போடுகிற கணக்கு அது. மும்முரமாக முகரும் நாயால் இருபது, முப்பது நிமிடம் நல்ல வேலை செய்ய முடியும். வெயிலில் அதுவும் குறையும். பிறகு நிழல், தண்ணீர், குளிர்ந்த அறை. அந்த இடைவெளியில் வாசலில் நிற்க மாற்று நாய். இதையெல்லாம் ஏஜென்சி தானாகச் செய்யாது, குறைந்த விலை சொன்னவருக்குத்தானே நீங்கள் வேலையைக் கொடுக்கிறீர்கள்.

செலவாகும், தெரியும். ஆனால் உங்கள் சோதனையில் திறமைக்குப் பஞ்சமில்லை என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பையின் அடியில் துணிக்குள் சுற்றிவைத்த தண்ணீர் பாட்டிலையும் பிஸ்கட் பாக்கெட்டையும் உங்கள் காவலர்கள் எடுத்துவிடும் வேகத்தை எந்த நாயாலும் எட்ட முடியாது. அதே வாசலில் மெட்டல் டிடெக்டர் ஒவ்வொருவருக்கும் கீச்சிடுகிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹோட்டல் வாசலில் காரின் டிக்கியைத் திறந்து, உள்ளே இருக்கும் பெட்டிகளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு மூடுகிறார்கள். 2009இல் ஜகார்த்தா மாரியட்டில் குண்டு வைத்தவர்கள் அங்கேயே அறை எடுத்துத் தங்கினார்கள். 2017இல் லாஸ் வேகாஸில் கூட்டத்தை நோக்கிச் சுட்டவனின் துப்பாக்கிகள் மாண்டலே பே ஹோட்டலின் 32ஆம் மாடிக்குப் போனது பல நாட்களாக, சாதாரணப் பயணப் பெட்டிகளில். பெட்டி வரும் வழியில் தெளிந்த மூக்கோடு ஒரு நாய் நிற்பதற்கும், வரவேற்பறைப் பூச்சாடி பக்கத்தில் விருந்தினரோடு செல்ஃபிக்கு நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? வேலையில் இருக்கும் நாயைக் குழந்தைகள் தடவ விடுங்கள் என்று கையாளுபவரிடமே சொல்லும் மேலாளர்களும் இருக்கிறார்கள். அதை அவரிடம் சொல்லாமல், பேசாமல் ஒரு பொம்மை நாயை வாங்கி வைத்துவிடலாம். தண்ணீர்கூடக் கேட்காது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாயைச் சோதித்துப் பார்க்கும் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். மாதக்கணக்கில் எதுவும் கிடைக்காத நாய்க்குத் தேடும் ஆசையே போய்விடும். அவ்வப்போது பயிற்சிக்கான வெடிமருந்து மாதிரியை ஒளித்துவைத்து, நாய் கண்டுபிடித்ததும் பரிசாகப் பந்தைக் கொடுக்க வேண்டும். எங்கே ஒளித்தோம் என்பது கையாளுபவருக்கும் தெரியக் கூடாது. 2011இல் கலிபோர்னியாவில் 18 நாய்களையும் அவற்றைக் கையாளுபவர்களையும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தேட வேண்டிய வாசனை எதுவுமே அங்கே வைக்கப்படவில்லை. வைத்திருப்பதாகக் கையாளுபவர்களிடம் மட்டும் சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான், பெரும்பாலான தேடல்களில் நாய் எதையோ கண்டுபிடித்துவிட்டதாகவே பதிவானது. உங்கள் வாசலில் இப்படி ஒரு சோதனை கடைசியாக எப்போது நடந்தது என்று உங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வர நேரமானால் காரணம் உங்களுக்கே புரியும்.

மறுபடியும் அதேதான் கேட்கிறேன், இந்தமுறை மரியாதையாக. ஒப்பந்தத்தில் ஓய்வை எழுதுங்கள். வேலை நிமிடம் எத்தனை, ஓய்வு எத்தனை, மாற்று நாய் எப்போது, நிழல் எங்கே என்று எழுத்தில் இருக்கட்டும். நாய் இரைக்க ஆரம்பித்தால் யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தும் உரிமை கையாளுபவருக்கு உண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த இளைஞருக்குத் தெரியாததை நான் ஒன்றும் சொல்லிவிடவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று அவர் பேசாமல் இருக்கிறார்.

கோடைக்கு முன்பே செய்துவிட்டால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
முன்பு மோப்ப நாயோடு வேலை பார்த்த, இப்போது உங்கள் வாசலில் டிக்கெட்டோடு நிற்கும் ஒருவன்