ஸ்கேன் செய்ய ஒரு நிமிடம் கொடுங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடந்த சில வாரங்களில் எங்கள் உதிரிபாகக் கடைக்கு வந்தவர்கள் அலமாரிதோறும் வெள்ளைச் சீட்டுகள் ஒட்டியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பில் போடுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் ஊழியர்கள் ஸ்கேனரில் காட்டுவதையும் பார்த்திருப்பீர்கள். "முன்பெல்லாம் கேட்டதும் எடுத்துக் கொடுப்பீர்களே, இது எதற்கு?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் ஒரு பேரிங்கில், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் வளையத்தில், தொடங்கியது. வாடிக்கையாளர் ஒருவர் மோட்டாரைப் பிரித்து வைத்துவிட்டு, 6204 எண் பேரிங் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார். நாங்கள் அனுப்பியது 6205. முன்னதன் உள்விட்டம் 20 மி.மீ., பின்னதன் உள்விட்டம் 25 மி.மீ. தண்டில் நிற்கவே நிற்காது. சிட்டையில் ஒருவர் அவசரமாக எழுதிய 4, சரக்கு எடுத்தவரின் கண்ணுக்கு 5 ஆகத் தெரிந்திருக்கிறது. அன்று முழுக்க அவருடைய இயந்திரம் ஓடவில்லை. மறுநாள் சரியான பேரிங்கைக் கொடுத்தோம். வீணான அந்த நாளுக்கு எங்களிடம் ஈடு எதுவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கிடங்கு முழுவதையும் எண்ணிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். எண்ண எண்ண மனம் கனத்தது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலில் ஒரு வகை ஏட்டில் 40 இருந்தது, அலமாரியில் 31தான் இருந்தது. இன்னோர் அலமாரியின் பின்வரிசையில், தீர்ந்துவிட்டதாக ஏட்டில் எழுதியிருந்த பெல்ட்டுகள் 14 கிடைத்தன. அதே பெல்ட்டைக் கேட்டு வந்த உங்களில் சிலரிடம் "இல்லை" என்று கைவிரித்திருக்கிறோம். அவை எப்போது வந்தவை என்பதற்கும் குறிப்பு இல்லை. ரப்பர் நாள்படக் கெட்டிப்பட்டு விரிசல் விடும் பொருள். அதனால் அந்த 14ஐயும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டோம்.

இப்போது நீங்கள் சொல்லும் பாகத்தின் எண்ணைத் தொலைபேசியிலேயே கணினியில் பதிந்து, உங்களுக்குத் திரும்பப் படித்துக் காட்டுகிறோம். எடுக்கும் பெட்டி அந்த ஆர்டரோடு பொருந்தாவிட்டால் ஸ்கேனர் ஒலி எழுப்பும், பில் நகராது. பெட்டியில் இருக்கும் 13 இலக்கப் பார்கோடில் கடைசி இலக்கம், முந்தைய 12 இலக்கங்களைக் கணக்கிட்டு வருவது. கோடு அழிந்துபோய் எண்ணைக் கையால் தட்டும்போது ஓர் இலக்கம் தவறினாலும் கணக்கு ஒத்துவராது, கணினி ஏற்காது. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. கடைப் பொருள் ஒன்றின் பார்கோடை முதன்முதலில் ஸ்கேன் செய்து விற்றது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில். பலரும் கைப்பேசியில் பயன்படுத்தும் க்யூஆர் குறியீடு, 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தார் வாகன உதிரிபாகங்களைப் பின்தொடர்வதற்காக உருவாக்கியது. நம் தொழிலுக்காகவே பிறந்த கருவி நம் கிடங்குக்குள் வர இத்தனை காலம் ஆனதில் எனக்கு வருத்தம் உண்டு.

கொள்முதலும் மாறியிருக்கிறது. முன்பு அலமாரி காலியான பிறகுதான் ஆர்டர் கொடுப்போம். இப்போது ஒரு பாகம் நாளொன்றுக்கு 4 விற்கிறது, புதுச் சரக்கு வந்து சேர 6 நாளாகிறது என்றால், அந்த 24உடன் கையிருப்பாக 8 சேர்த்துக்கொள்கிறோம். இருப்பு 32ஐத் தொட்டதுமே கணினி நினைவூட்டுகிறது. வந்த தேதியும் பதிவாவதால் முதலில் வந்தது முதலில் வெளியே போகிறது. பில்லும் முன்பைவிட விரைவாகக் கிடைக்கும், ஆனால் அதை நான் பெரிதாகச் சொல்லவில்லை. "இருக்கிறது" என்று நாங்கள் சொன்னால் அது உண்மையிலேயே இருக்க வேண்டும். உங்களுக்குத் தேவைப்படுவது அதுதான்.

இதற்கு உங்கள் ஒத்துழைப்பும் வேண்டும். கணினிக்கு நாம் சொன்னது மட்டுமே தெரியும். ஒரே ஒரு பெட்டி ஸ்கேன் ஆகாமல் வெளியே போனாலும் இருப்புக் கணக்கு அங்கேயே பொய்யாகிவிடும். எனவே எவ்வளவு அவசரமானாலும், நெடுநாள் பழக்கம் இருந்தாலும், "பில் அப்புறம் போட்டுக்கொள்ளுங்கள், இப்போது கொடுங்கள்" என்று ஊழியர்களிடம் கேட்காதீர்கள். அவர்கள் மறுத்தால் அது என் சொற்படிதான், அவர்கள்மீது கோபம் வேண்டாம்.

பாகத்தின் எண் நினைவில்லை என்றால் பழைய பாகத்தில் பொறித்திருப்பதைப் படமெடுத்து அனுப்புங்கள். எண் தேய்ந்திருந்தால் பாகத்தையே கொண்டுவாருங்கள், அளந்து பார்த்துத் தருகிறோம். தாளில் எழுதிய பட்டியலோடு வருபவர்கள் வழக்கம்போல் வரலாம், கணினியில் பதிவது எங்கள் வேலை. உங்கள் தொலைபேசி எண்ணைச் சரக்கு வந்த செய்தி சொல்ல மட்டுமே வைத்திருக்கிறோம், வேறு யாருக்கும் தர மாட்டோம்.

பெட்டியில் நாங்கள் ஒட்டும் சீட்டைப் பாகம் பொருந்தும்வரை கிழிக்காமல் வைத்திருங்கள். மாற்ற வேண்டி வந்தால் அது ஒன்றே போதும், ரசீதைத் தேட வேண்டியதில்லை.

அன்புடன்,
உரிமையாளரும் கிடங்குப் பணியாளர்களும்