மாலாவுக்கு ஒரு பதில்

பொகவந்தலாவை

அன்புள்ள மாலா,

உன் கடிதம் கிடைத்தது. லண்டன் குளிரைப் பற்றி நீ புலம்பியதை வாசித்துக் காட்டினேன், அக்கா சிரித்தாள். இங்கே விடியற்காலைப் பனியில் அவளுக்கு விரல் மடங்கவே ஒரு மணித்தியாலம் ஆகிறது. விரல் முட்டிகள் வீங்கி, கொண்டை போடக்கூட மகளின் கை வேண்டும். கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். முடக்குவாதம் என்று கண்டுபிடிக்கும் வரை "பனி வாதம், தைலம் தேய்" என்றே காலத்தை ஓட்டினார்கள். இப்போது மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து, வாரத்தில் ஒரே ஒரு நாள். கொஞ்சம் பரவாயில்லை.

சரி, உன் யோசனைக்கு வருகிறேன். "தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வருமே" என்று அக்கா மகளைக் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கியதை எழுதியிருந்தேன். நீ உடனே, எச்சில் துப்பி அனுப்பும் மரபணுப் பரிசோதனைப் பெட்டியை அனுப்பவா என்கிறாய். வேண்டாம் மாலா.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆறாவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) எச்.எல்.ஏ. என்று ஒரு கூட்டம் பரம்பரையலகுகள், அதாவது மரபணுக்கள், இருக்கின்றன. கிருமியின் துண்டை, நோயை எதிர்க்கும் வெண்குழியங்களுக்குக் காட்டிக்கொடுப்பது அவற்றின் வேலை. ஆளுக்கு ஆள் அவை வேறுபடுவதால்தான் ஒரு கொள்ளை நோய் எல்லோரையும் ஒன்றாக வாரிக்கொண்டு போவதில்லை. அவற்றில் சில வகை இருந்தால், முடக்குவாதம் போல உடம்பு தன்னையே தாக்கும் நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. கூடுகிறது, அவ்வளவுதான். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் என்றால், மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு 15 அளவில்தான். முள்ளந்தண்டை இறுக்கும் வாதத்துக்கும் பி27 என்ற எச்.எல்.ஏ. வகைக்கும் உள்ள உறவு 1973இலேயே தெரிந்தது. அத்தனை நெருங்கிய உறவு இருந்தும், பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதே இல்லை.

மிச்சத்துக்குக் காரணம் பல. பெண்களுக்கு முடக்குவாதம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். அந்த வகைப் பரம்பரையலகோடு புகைப்பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும். வந்த மாப்பிள்ளை சிகரெட் பிடிப்பவரா என்று மட்டும் எவரும் விசாரிக்கவில்லை!

உன் பெட்டி போடும் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பியரை வைத்துப் போட்டது. பி.டி.பி.என்.22 என்ற பரம்பரையலகில் வரும் ஒரு மாற்றம் அவர்களிடம் முக்கியமான அடையாளம். கிழக்கு ஆசியர்களிடம் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை, நோய் மட்டும் அங்கேயும் இருக்கிறது. நம்மை வைத்துப் போடாத கணக்கில் "ஆபத்து கூட" என்று ஒரு வரி வந்தால் போதும், இந்தத் தோட்டம் முழுக்க அதுதான் பேச்சு. அப்புறம் யார் அவளைக் கேட்டு வருவார்கள்?

அவளிடம் நான் சொன்னது இதுதான்: விரல் வீங்கி, காலையில் விறைத்தால் ஒளிக்காதே, கிளினிக்குக்கு வா. ஆரம்பத்திலேயே மருந்தைத் தொடங்கினால் மூட்டைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

அந்தக் காசுக்கு அக்காவுக்கு ஒரு சோடி கம்பளிக் கையுறை வாங்கி அனுப்பு. பெரிய அளவாகப் பார், சின்னது முட்டியில் ஏறாது.

அன்புடன்,
புஷ்பா