அடித்து எழுதிய ஒரு சொல்

வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. நுரையீரல் நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன், என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். மறுபடி சொல்ல எனக்கு மூச்சும் இல்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரியில் முறை வைத்து உட்கார்ந்திருந்தவர்கள், ஆக்சிஜன் மெஷினை மாடிக்குத் தூக்கி வந்த பிள்ளைகள், நெபுலைசரோடு ஓடி வந்த நர்ஸ்கள், எல்லாருக்கும். பெயர் சொல்ல ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போகும்.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பயிற்சி டாக்டர், சின்னப் பெண். எனக்கு இருக்கும் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய், என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை வருஷம் புகை பிடிச்சீங்க?" என்றுதான். முப்பது வருஷம். தப்பு என்னுடையது, தலையைக் குனிந்தே பதில் சொல்லிப் பழகிவிட்டேன். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு எப்படி இருக்குன்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றார். எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் வாசித்துக் காட்டினார். 'மூச்சுத் திணறல்' என்று இருந்தது.

"திணறல் இல்லம்மா. உள்ளே போன காத்து வெளியே வரமாட்டேங்குது. நிறைஞ்ச குடத்துல மேல மேல ஊத்துற மாதிரி."

அந்தச் சொல்லை அடித்துவிட்டு, நான் சொன்னதை அப்படியே எழுதினார்.

அப்புறம்தான் குளியல் விஷயத்தையும் சொன்னேன். படி ஏற முடிகிறதா, எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்றுதான் எப்போதும் கேட்பார்கள். எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கையைத் தூக்கினால்தான் உயிர் போகும். பல நாள் தண்ணீரைத் தரையில் ஊற்றிச் சத்தம் காட்டிவிட்டு, ஈரத் துண்டோடு வெளியே வந்துவிடுவேன். மனைவிக்குக்கூடத் தெரியாது.

அவர் சிரிக்கவில்லை. இந்த நோயில் தோள், கழுத்துத் தசைகளும் மூச்சுக்கு உழைக்கின்றன, கையைத் தூக்கினால் அவற்றுக்கு இரட்டை வேலை என்று விளக்கினார். மறுநாள் பிசியோதெரபிஸ்டைக் கூட்டி வந்தார். ஸ்டூலில் உட்கார வேண்டும், உதட்டைக் குவித்து மூச்சை விட்டபடியே கையைத் தூக்க வேண்டும்.

இப்படிக் கேட்பதற்கு 'நாரேட்டிவ் மெடிசின்' என்று பெயராம். ரீட்டா சாரோன் என்ற டாக்டர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2000-இல் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார். காது கொடுத்துக் கேட்கக் கூடவா பாடம் என்று முதலில் தோன்றியது. பிறகு, இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரிடமாவது ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். சரி, பாடம் வேண்டியதுதான். இனி நானும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டுதான் போவேன்.

நேற்று தலைக்குக் குளித்தேன். இருபது நிமிஷம் ஆனது. வெளியே வந்ததும் மனைவி தலையைத் தொட்டுப் பார்த்தாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், டாக்டரம்மா.