கோரிக்கை மனு: எங்கள் புடவைகளை மடிப்பு மாற்றி வைக்க ஒரு நாள் அனுமதி வேண்டி

பெறுநர்: உயர்திரு அருங்காட்சியகப் பொறுப்பு அதிகாரி அவர்கள், மொரிஷியஸ்.

அனுப்புநர்: அருங்காட்சியகத்துக்குத் துணிகள் கொடுத்த பதினோரு குடும்பத்தார், ரோஸ் ஹில்.

பொருள்: கிடங்கில் உள்ள கைத்தறிப் புடவைகள், பூவேலை ரவிக்கைகள் – நான்காவது மனு.

ஐயா,

வணக்கம். முந்தைய மூன்று மனுக்களையும் பிரெஞ்சில் எழுதினோம். பதில் இல்லை. தாங்கள் எங்கள் பக்கத்துக்காரர், தமிழ் படித்தவர் என்பதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறோம். போர்ட் லூயிஸில் கிடங்கு இருக்கும் தெருவைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் மலைத் தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் துறைமுகத்துக்கு இறங்கும்.

1. ஆறு ஆண்டுகளுக்கு முன், அருங்காட்சியகம் கேட்டதன்பேரில் 34 துணிகள் கொடுத்தோம். காஞ்சிபுரம் பட்டு, மதுரைச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, புதுச்சேரியிலிருந்து வந்த பூவேலை ரவிக்கைகள் இரண்டு. ரசீது இருக்கிறது.

2. போன ஆண்டு கெஞ்சிக் கேட்டபின் ஒரு பெட்டியை மட்டும் திறந்து காட்டினார்கள். என் பாட்டியின் கல்யாணப் பட்டு. அரக்குச் சிவப்பு, கனத்த ஜரிகை முந்தி. அன்று நான் எப்படி மடித்துக் கொடுத்தேனோ, அதே மடிப்பு. பிளாஸ்டிக் உறை, உள்ளே பூச்சி உருண்டை. முந்தியில் மடிப்பு விழுந்த இடத்தில் விரல் நீளத்துக்குப் பட்டு இழை அறுந்து, ஜரிகை மட்டும் பல்லிளித்துக்கொண்டிருந்தது. அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலில் சுற்றிய வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். அதைப் புழுக்கத்தில் ஒரே மடிப்பில் கிடத்தினால் வெள்ளி கறுக்கும், பட்டு விட்டுப்போகும். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பு மாற்றி வைக்க வேண்டும். இதற்குப் பட்டம் எதுவும் வேண்டாம், தங்கள் தாயாரைக் கேட்டாலே சொல்வார். அந்தப் புடவைக்கு உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஊடு நூலைக் கொண்டு போகும் நாடா மூன்று ஓட, நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, வரிக்கு வரி உடலையும் கரையையும் பிணைக்கும் கோர்வை போட்டு நெய்தது. கிழிந்தால் இந்தத் தீவில் அதை யார் சேர்த்துத் தருவார்?

3. 2024 ஜனவரியில் பெலால் புயலன்று போர்ட் லூயிஸில் கார்களை வெள்ளம் அடித்துப் போனதைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். எங்களுக்குக் கார் நினைவு இல்லை, பெட்டி நினைவுதான். மறுநாள் போன் செய்தோம். "எல்லாம் பத்திரம்" என்றார்கள். திறந்து பார்த்தீர்களா என்றால், சாவி வைத்திருப்பவர் லீவாம். சாவி வீட்டுக்குப் போய்விட்டால் பத்திரம் என்று எதை வைத்துச் சொன்னார்கள்?

4. துணிகளைத் திருப்பிக் கேட்கவில்லை. கண்ணாடி அலமாரி கேட்கவில்லை. வெளிச்சம் 50 லக்ஸ் அளவுக்கு மேல் போகாத விளக்கு, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் எல்லாம் வேண்டியதுதான். ஆனால் டெண்டர் விட்டு அவை வந்து சேர்வதற்குள் பட்டு பொடியாகிவிடும். நாங்கள் கேட்பது ஒரே ஒரு மதியம். பாய் நாங்கள் கொண்டு வருகிறோம். சுற்றி வைக்கத் துவைத்த பழைய வேட்டிகளும் இருக்கின்றன. வளையல், மோதிரம் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் தொடுவோம். தங்கள் ஊழியர் பக்கத்திலேயே நிற்கட்டும். மடிக்கவே கூடாது, உருளையில்தான் சுற்ற வேண்டும் என்பது விதியானால் சரி, அந்த உருளையையும் நாங்களே வாங்கித் தருகிறோம்.

5. மடிப்பு மாற்ற விடுங்கள், ஐயா.

6. அம்மாவுக்கு வயது 86. போன தைப்பூசக் காவடியன்று கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, "அம்மா புடவைய மடிப்பு மாத்தினாங்களா?" என்றார். மாத்திட்டாங்கம்மா என்றேன். கோயிலில் வைத்துப் பொய் சொன்னேன், யாருக்காகவோ.

நம் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் எழுத்து இருக்கிறது. இந்த மனுவுக்கு எந்த மொழியில் ஒரு வரி வந்தாலும் போதும். நவம்பரில் மறுபடியும் புயல் காலம் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு நாளைக் குறித்துச் சொல்லுங்கள், எந்தக் கிழமையானாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
பதினோரு குடும்பத்தார் சார்பில்

இணைப்பு: ரசீது நகல்கள், முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள் (இவை இரண்டாம் முறையாக).